குதிரைப் பந்தய அதிகாரிகளுக்கு உரிமம் தரும்போது எதைச் சோதிக்கிறார்கள்?

முதலில் வந்த குதிரையைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டாவதாக வந்த குதிரைக்கு வெற்றி என்று அறிவித்த பந்தயம் ஒன்றைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து அந்த முடிவைச் சொன்ன மூவருக்கு யார் தேர்வு வைத்தார்கள், அவர்களுக்கு உரிமம் என்று ஒன்று இருக்கிறதா, அல்லது செல்வாக்கால் அந்த நாற்காலிக்கு வந்தவர்களா என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக நான் புரிந்துகொள்கிறேன். இந்த வேலைக்கு என்ன தகுதி கேட்கிறார்கள் என்பது ஒன்று. அந்தத் தகுதியைச் சோதித்துவிட்டால் அவருடைய தீர்ப்பை நம்பலாமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு உறுதியான பதில் உண்டு. இரண்டாவதற்கு ஓரளவுக்குத்தான் பதில் உண்டு. பந்தயத்தை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் ஸ்டூவர்டுகளின் அறையில் வேலை பார்த்ததிலிருந்தும், இந்தத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு வகுப்பெடுத்ததிலிருந்தும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பந்தய அதிகாரி என்றால் பலரும் ஸ்டூவர்டை மட்டுமே நினைக்கிறார்கள். ஆனால் ஒரு பந்தய நாளில் முடிவைப் பாதிக்கக்கூடிய அதிகாரம் பலரிடம் பிரிந்து கிடக்கிறது. குதிரைகளைத் தொடக்கக் கதவுக்குள் ஏற்றி ஓட்டத்தைத் தொடங்கிவைப்பவர் ஸ்டார்ட்டர். எந்தக் குதிரையின் மூக்கு முதலில் கோட்டைத் தொட்டது என்று சொல்பவர் வெற்றிக் கோட்டு நடுவர். குதிரையை ஓட்டும் ஜாக்கியைச் சேணத்தோடு எடை பார்ப்பவர் எடை அதிகாரி. எந்தக் குதிரைக்கு எவ்வளவு எடை என்று தீர்மானிப்பவர் ஹேண்டிகேப்பர். ஓட்டத்துக்கு முன் சேணம் பூட்டும் இடமான பேடக்கில் நிற்கும் குதிரை பட்டியலில் உள்ள அதே குதிரைதானா என்று சரிபார்ப்பவர் அடையாள அதிகாரி. ஓடத் தகுதியில்லாத குதிரையை நிறுத்திவைக்கும் அதிகாரம் கால்நடை மருத்துவருக்கு உண்டு. இவர்கள் அனைவரையும் விசாரிக்கும் அதிகாரத்தோடு மேலே இருப்பவர்கள்தான் ஸ்டூவர்டுகள். நியமனம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் குதிரைப் பந்தயம் நடக்கும் மாநிலங்களில் பந்தய ஆணையமோ அதைப் போன்ற அமைப்போ இருக்கிறது. அது உரிமமோ ஒப்புதலோ தந்தால்தான் அதிகாரி வேலை பார்க்க முடியும். பிரிட்டனில் ஸ்டார்ட்டர், நடுவர், எடை அதிகாரி, ஹேண்டிகேப்பர் ஆகியோர் 2007இல் உருவான பிரிட்டிஷ் குதிரைப் பந்தய ஆணையத்தால் நியமிக்கப்படுகிறார்கள். ஆகவே ‘உரிமம்’ என்ற தாள் எல்லா இடத்திலும் ஒரே வடிவில் இருக்காது. ஆனால் அதன் பின்னால் உள்ள சோதனைகள் பெருமளவு ஒத்திருக்கின்றன.

இந்தச் சோதனைகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பியின் 2019ஆம் ஆண்டு ஓட்டத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. மாக்சிமம் செக்யூரிட்டி என்ற குதிரை முதலில் கோட்டைக் கடந்தது. கடைசி வளைவில் அது வெளிப்பக்கமாக விலகி மற்ற குதிரைகளுக்கு இடையூறு செய்தது என்று ஆட்சேபம் எழுந்தது. மூன்று ஸ்டூவர்டுகள் சுமார் 22 நிமிடங்கள் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து, ஒருமித்த முடிவாக அதை 17ஆவது இடத்துக்குத் தள்ளினார்கள். கன்ட்ரி ஹவுஸ் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. உரிமையாளர்கள் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஓட்டத்தில் நடந்த இடையூறு பற்றி ஸ்டூவர்டுகள் எடுக்கும் தகுதிநீக்க முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது என்று அந்த மாநிலத்தின் விதியே சொல்லியிருந்தது. இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். எந்த நீதிமன்றமும் திருத்த முன்வராத ஒரு தீர்ப்பை மூன்று பேர் அரை மணி நேரத்துக்குள் தருகிறார்கள். மேலே போய்த் திருத்திக்கொள்ள வழி இல்லாத இடத்தில், அந்த நாற்காலியில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதில்தான் முழு எச்சரிக்கையும் இருந்தாக வேண்டும். தேர்வும் உரிமமும் அதற்காகவே வந்தன.

தேர்வு அறைக்குள் நுழைவதற்கு முன்பே சில வாயில்களைக் கடக்க வேண்டும். அனுபவம் முதல் வாயில். பயிற்சியாளர், ஜாக்கி, குதிரை லாய மேலாளர், எடை அதிகாரி, பேடக் அதிகாரி என்று பந்தயத்தின் ஏதாவது ஒரு பகுதியில் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது பரவலான விதி. வெறும் சட்டப் படிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்டூவர்டாக நேரடியாக வருவது அரிது. கண் இரண்டாவது வாயில். கண்ணாடி அணிந்தோ அணியாமலோ 20/20 என்ற இயல்பான பார்வை இருக்க வேண்டும், நிறங்களைப் பிரித்தறியத் தெரிய வேண்டும் என்று அமெரிக்க மாநில விதிகளில் பரவலாகக் காணலாம். பதினைந்து குதிரைகள் ஒரே கூட்டமாக வளைவில் திரும்பும்போது எண் தெரியாது. சட்டையின் நிறமும் தொப்பியின் நிறமும்தான் தெரியும். அடர் பச்சையையும் பழுப்பையும் குழப்பிக்கொள்ளும் கண்ணுக்கு இந்த வேலை ஆகாது. இது யாருக்கும் அவமானம் இல்லை. ஆனால் விதிவிலக்குத் தர முடியாத ஒன்று.

அடுத்தது பணத் தொடர்பு. நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது இதைத்தான். தன் கண்காணிப்பில் உள்ள பந்தயங்களில் பந்தயம் கட்டக் கூடாது. தான் தீர்ப்புச் சொல்லும் களத்தில் ஓடும் குதிரையில் பங்கு வைத்திருக்கக் கூடாது. சம்பளம் தவிர்த்த மற்ற வருமானம், தான் விசாரிக்க வேண்டிய உரிமையாளரிடமிருந்தோ பயிற்சியாளரிடமிருந்தோ வரக் கூடாது. பல இடங்களில் மனைவி, கணவன், பிள்ளைகளின் தொடர்புகளையும் அறிவிக்கச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் விரல் ரேகை எடுத்துக் குற்றப் பின்னணியும் பார்க்கிறார்கள். உங்கள் கேள்வியில் இருந்த ‘செல்வாக்கு’ என்ற சந்தேகத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லும் பகுதி இதுதான். விண்ணப்பப் படிவத்தில் பாதிப் பக்கங்கள் அறிவைப் பற்றியவை அல்ல. யாரிடம் கடன்பட்டிருக்கிறீர்கள், யாருக்கு உறவினர் என்பதைப் பற்றியவை. பெரும்பாலானவர்கள் இதைச் சம்பிரதாயம் என்று எண்ணி அவசரமாக நிரப்புகிறார்கள். தேர்வில் தவறினால் மறுபடி எழுதலாம். இந்தப் பக்கங்களில் ஒன்றை மறைத்தது பின்னாளில் தெரியவந்தால் அத்தோடு அவருடைய தொழில் முடிந்துபோகும்.

எழுத்துத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விதிநூல் முழுவதும் பாடம். எடை, வயது, பதிவு, பெயர் விலக்கல், இரு குதிரைகள் ஒரே நேரத்தில் கோட்டைத் தொடும் டெட் ஹீட் வந்தால் பரிசுப் பணத்தை எப்படிப் பகிர்வது, எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு அபராதம், ஊக்கமருந்துச் சோதனைக்கு மாதிரி எடுக்கும்போது யார் சாட்சியாக இருக்க வேண்டும் என்று எல்லாம் வரும். ஊக்கமருந்துப் பகுதியில், சிறுநீரையும் ரத்தத்தையும் இரு பகுதிகளாகப் பிரித்து முத்திரையிடுவது, ஒன்றில் மருந்து தெரிந்தால் மற்றதை வேறொரு ஆய்வகத்தில் சோதிக்கக் கோரும் உரிமை, மாதிரி கைமாறும் ஒவ்வொரு கட்டத்தையும் பதிவு செய்வது ஆகியவற்றைக் கட்டாயம் கேட்பார்கள். மனப்பாடம் நன்றாக இருப்பவர் இதில் எளிதாகத் தேறிவிடுவார். எழுத்துத் தேர்வோடு நின்றுவிடும் அமைப்பு தன் வேலையில் பாதியைத்தான் செய்கிறது என்பது என் உறுதியான கருத்து.

உண்மையான சோதனை திரையில் நடக்கிறது. ஒரு பந்தயத்தின் காட்சிகளைப் போட்டு, என்ன நடந்தது, யார் காரணம், எந்த விதி, என்ன முடிவு என்று எழுதச் சொல்வார்கள். பக்கவாட்டிலிருந்து எடுத்த காட்சி, நேரெதிரே கோபுரத்திலிருந்து எடுத்த காட்சி, பின்னாலிருந்து எடுத்த காட்சி என்று பல கோணங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு உண்மையைச் சொல்லி இன்னொன்றை மறைக்கும். நேரெதிர்க் காட்சியில் ஒரு குதிரை எவ்வளவு பக்கவாட்டில் விலகியது என்பது துல்லியமாகத் தெரியும். ஆனால் தொலைதூர லென்ஸ் முன்பின் தூரத்தைச் சுருக்கிவிடுவதால், இரண்டு லென்த், அதாவது இரண்டு குதிரை நீளம், பின்னால் வரும் குதிரையும் முன்குதிரையின் வாலை ஒட்டி வருவது போலத் தோன்றும். அதை மட்டும் பார்ப்பவர், வழி தாராளமாக இருந்தபோது நடந்த சாதாரண நகர்வைக்கூட அபாயமான குறுக்கே பாய்ச்சல் என்று எழுதிவிடுவார். பக்கவாட்டுக் காட்சியோ முன்பின் இடைவெளியைச் சரியாகக் காட்டும், பக்க விலகலை விழுங்கிவிடும். இரண்டையும் ஒரே நொடியில் நிறுத்திப் பொருத்திப் பார்ப்பதுதான் முறை. வெற்றிக் கோட்டுக்கு முன் நிற்கும் தூரக் கம்பத்தையோ, வேலியில் குறிப்பிட்ட ஒரு தூணையோ அடையாளமாக வைத்துக்கொண்டு, அந்த இடத்தைக் குதிரை கடக்கும் கணத்தில் இரு காட்சிகளையும் நிறுத்த வேண்டும்.

அதற்குப் பிறகு கண் குதிரையிலிருந்து ஜாக்கிக்குப் போக வேண்டும். குதிரை வலப்பக்கம் சாய்கிறது என்றால், சாட்டை எந்தக் கையில் இருக்கிறது? இடக்கையில் அடித்துக்கொண்டே இருந்தால் குதிரை அடியிலிருந்து விலகி வலப்பக்கம்தான் போகும். அவர் அடிப்பதை நிறுத்திக் கடிவாளத்தை இழுத்து நேராக்கப் பார்த்தாரா, சாட்டையைக் கை மாற்றினாரா, அல்லது குதிரை போன போக்கில் விட்டு வெற்றியை நோக்கியே விரட்டினாரா? இடையூறுக்கு ஆளான ஜாக்கி உண்மையிலேயே எழுந்து கடிவாளத்தைப் பிடித்தாரா, இல்லை ஆட்சேபத்துக்குச் சான்று சேர்ப்பதற்காக உடலை மட்டும் பின்னுக்குச் சாய்த்தாரா? பின்குதிரையின் தலை மேலே தூக்கப்பட்டதா, அதன் காலடி ஓட்டம் குலைந்ததா என்று பார்த்தால் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஜாக்கியின் உடல் நடிக்கும். குதிரையின் முன்னங்கால் நடிக்காது. தேர்வில் இந்த வேறுபாட்டைக் கண்டு எழுதுபவருக்கும், ‘குதிரை குறுக்கே வந்தது, எனவே தகுதிநீக்கம்’ என்று ஒரே வரியில் முடிப்பவருக்கும் இடையில் உள்ள தூரம்தான் இந்தத் தொழிலின் முழுப் பயிற்சி.

பார்த்ததைச் சரியாகச் சொல்லிவிட்டாலும் முடிவு தானாக வந்துவிடாது. எந்தத் தத்துவத்தின் கீழ் முடிவெடுக்கிறோம் என்பதும் வேண்டும். உலகில் இரண்டு கொள்கைகள் நடைமுறையில் இருந்து வருகின்றன. முதல் வகையில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: இடையூறு நடந்திராவிட்டால், பாதிக்கப்பட்ட குதிரை இடையூறு செய்த குதிரைக்கு முன்னால் முடித்திருக்குமா? ஆம் என்றால் மட்டுமே இடம் மாறும். இரண்டாம் வகையில், இடையூறு பாதிக்கப்பட்ட குதிரைக்கு ஒரு நல்ல இடத்தை இழக்கவைத்ததா என்று பார்த்து, இழக்கவைத்திருந்தால் இடையூறு செய்த குதிரையை அதற்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாங்காங் ஆகியவை முதல் வகையைப் பின்பற்றுகின்றன. ஜப்பான் 2013இலும், பிரான்ஸும் ஜெர்மனியும் 2018இலும் அதற்கு மாறின. குதிரைப் பந்தய அமைப்புகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பும் அதையே மாதிரி விதியாக வைத்திருக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையில் இருக்கின்றன. 2019 டெர்பியின் அதே காட்சிகளை முதல் வகை விதியின் கீழ்த் தேர்வில் வைத்தால், மாக்சிமம் செக்யூரிட்டியின் இடம் மாறியிருக்காது என்றே நான் எழுதுவேன். அதனால் இடையூறுக்கு ஆளான குதிரைகளில் ஏதேனும் அதை முந்தியிருக்கும் என்று சொல்லக் காட்சியில் போதிய சான்று இல்லை. அதற்காக அந்த மூவரும் தவறு செய்தார்கள் என்று ஆகாது. அவர்கள் முன் இருந்த விதி வேறு. நீங்கள் பார்த்த பந்தயத்தைப் பற்றிய உங்கள் கோபம் ஸ்டூவர்டுகள் மேல் இருக்க வேண்டுமா, விதியின் மேல் இருக்க வேண்டுமா என்பதை இந்த ஒரு கேள்வியை வைத்தே பிரித்துக்கொள்ளலாம்.

வாய்மொழித் தேர்வு பெரும்பாலும் விசாரணை ஒத்திகையாக இருக்கும். தேர்வாளர்களில் ஒருவர் கோபத்தோடு கத்தும் பயிற்சியாளராக நடிப்பார், இன்னொருவர் வாய் திறக்காத இளம் ஜாக்கியாக உட்காருவார். குற்றச்சாட்டு என்ன என்பதை முதலில் சொன்னீர்களா, அவர் தரப்பைக் கேட்டீர்களா, காட்சியை அவருக்கும் காட்டினீர்களா, அவருடைய பதிலைக் கேட்பதற்கு முன்பே முடிவு உங்கள் பேச்சில் வெளிப்பட்டுவிட்டதா, மேல்முறையீட்டுக் காலக்கெடுவைச் சொன்னீர்களா என்பதைக் குறித்துக்கொள்வார்கள். ஓய்வுபெற்ற ஜாக்கிகள் திரைத் தேர்வில் அபாரமாகச் செய்துவிட்டு இங்கே தடுமாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களுக்கு விடை உடனே தெரிந்துவிடுகிறது. விடை தெரிந்த பிறகு எதிரில் இருப்பவரைக் கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்குப் புரிவதில்லை. பந்தயத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். எல்லாரையும் பொறுமையாகக் கேட்பார்கள், காரணத்தை அழகாக எழுதுவார்கள், ஆனால் அந்தக் காரணம் நடந்த ஓட்டத்தோடு ஒட்டாது.

அமெரிக்காவில் பந்தய அதிகாரிகள் தகுதிச் சான்றுத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது; பல மாநிலங்கள் ஸ்டூவர்டு உரிமத்துக்கு அதன் சான்றை எதிர்பார்க்கின்றன. புதிதாக வருபவர்களுக்கு 60 மணி நேர வகுப்பும் அதன் முடிவில் தேர்வும் உண்டு. சான்றைத் தக்கவைத்துக்கொள்ள இரண்டு ஆண்டுக்கு 16 மணி நேரத் தொடர் கல்வி வேண்டும். இந்தத் தொடர் கல்வியைச் சிலர் சுமையாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, ஏனென்றால் விதிகள் அந்த வேகத்தில் மாறுகின்றன. சாட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதிகள், ஒரு பந்தயத்தில் 6 முறைக்கு மேல் அடிக்கக் கூடாது, தொடர்ந்து இரண்டு அடி அடித்தால் குதிரை அதற்கு இணங்கி ஓட அவகாசம் தர வேண்டும் என்கின்றன. பிரிட்டனில் 2023இல் வந்த மாற்றத்தின்படி சமதள ஓட்டத்துக்கு 6, தடை தாண்டும் ஓட்டத்துக்கு 7 என்பது வரம்பு. வரம்பைவிட நான்கு அல்லது அதற்கு மேல் கூடினால் குதிரைக்கே தகுதிநீக்கம். பத்து ஆண்டுக்கு முன் தேறிய ஒருவர் அன்று படித்ததை வைத்து இன்று அடிகளை எண்ண முடியாது.

ஸ்டூவர்டு அல்லாத அதிகாரிகளுக்கு இவ்வளவு விரிவான தேர்வு வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. பிரிட்டனின் புகழ்பெற்ற தடை தாண்டும் பந்தயமான கிராண்ட் நேஷனலில் 1993ஆம் ஆண்டு நடந்தது அதற்குப் பதில். குதிரைகளுக்கு முன் குறுக்கே கட்டியிருந்த தொடக்க நாடா ஒரு ஜாக்கியின் கழுத்தில் சுற்றிக்கொண்டது. ஸ்டார்ட்டர் தவறான தொடக்கம் என்று காட்ட முயன்றபோது அவர் கையிலிருந்த கொடி விரியவில்லை. 39 பேரில் 30 பேர் திரும்ப அழைக்கப்பட்டதே தெரியாமல் ஓட்டத்தைத் தொடர்ந்தார்கள். 7 குதிரைகள் முழுத் தூரத்தையும் ஓடி முடித்தன. பந்தயம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. ஸ்டார்ட்டருக்குக் குதிரையைப் படிக்கும் கண் வேண்டும்தான். அதோடு, தன் கைக்கருவி வேலை செய்யாவிட்டால் அடுத்து என்ன, ஓட்டத்தை நிறுத்தக் கொடி காட்டுவதற்காகத் தூரத்தில் நிற்கும் கொடிக்காரருக்கும் தனக்கும் இடையே தகவல் எப்படிப் போகும் என்பதை முன்கூட்டியே வைத்திருக்கிறாரா என்று கேட்காத ஸ்டார்ட்டர் தேர்வை நான் முழுமையான தேர்வாக ஏற்க மாட்டேன்.

அடையாள அதிகாரியின் வேலையும் அப்படித்தான். 1984இல் பிரிஸ்பேனில் ஃபைன் காட்டன் என்ற குதிரையின் பெயரில் போல்ட் பெர்சனாலிட்டி என்ற அதைவிடத் திறமையான குதிரையைச் சாயம் பூசி ஓடவிட்டார்கள், அது மோசடி. 2017 ஜூலையில் பிரிட்டனின் கிரேட் யார்மத் களத்தில் இரண்டு வயதுக் குதிரைகளுக்கான பந்தயத்தில் 50க்கு 1 என்ற பந்தய விகிதத்தில் வென்றது, உண்மையில் அதே லாயத்தைச் சேர்ந்த மூன்று வயதுக் குதிரை. அங்கே நடந்தது குழப்பம். களத்துக்கு வந்து சேர்ந்தபோது உடலில் பதித்திருந்த அடையாள மைக்ரோசிப்பைப் படித்துச் சரிபார்த்திருந்தார்கள். ஓட்டத்துக்கு முன் மறுபடி படிக்கவில்லை. பந்தயம் முடிந்து மாதிரி எடுக்கப் போன இடத்தில்தான் குதிரை மாறியது தெரிந்தது. அதன்பின் கூடுதல் சோதனை கொண்டுவரப்பட்டது. ஒரு கருவி இருக்கிறது என்பது போதாது, எந்தக் கட்டத்தில் அதைப் பயன்படுத்துகிறோம் என்பதே காக்கிறது என்று நான் மாணவர்களுக்குச் சொல்ல இந்த நிகழ்வைத்தான் எடுத்துக்கொள்வேன். வெற்றிக் கோட்டு நடுவரின் தேர்வில் புகைப்பட முடிவைப் படிப்பது முக்கியப் பகுதி. அந்தக் கேமரா, கோட்டுக்கு நேராக உள்ள மெல்லிய பிளவு வழியாக மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். அதைக் கடப்பவை ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவாகும். ஆகவே அந்தப் படத்தில் இடமிருந்து வலமாக இருப்பது தூரம் போலத் தெரிந்தாலும் அது நேரம். கால்கள் வளைந்தும் நீண்டும் தோன்றுவது அதனால்தான். மூக்கைத் தவிர வேறெதையும் பார்க்காமல் படிக்கப் பழகிய பிறகே நடுவரிடம் அந்தத் திரையை ஒப்படைப்பார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு சோதித்த பிறகு அவர்களை நம்பலாமா? விதி தெரியாதவரையும், கண் சரியில்லாதவரையும், வெளிப்படையான பணத் தொடர்பு உள்ளவரையும் இந்த முறை வடிகட்டுகிறது என்பது உறுதி. தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றவர் பின்னாளில் சிறந்த தீர்ப்பு தருவார் என்பது உறுதியில்லை. அமைதியான அறையில், விடை எழுத நேரம் கொடுத்து, யாரென்றே தெரியாத ஜாக்கிகளின் காட்சியைப் போட்டு நடத்தும் தேர்வு அது. நிஜத்தில் கீழே கூட்டம் இரைந்துகொண்டிருக்கும், தொலைபேசியின் மறுமுனையில் நீங்கள் பல ஆண்டுகளாக அறிந்த ஜாக்கி பேசிக்கொண்டிருப்பார், அடுத்த பந்தயத்துக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருக்கும். அந்த அழுத்தத்தை எந்தத் தேர்வும் முழுமையாக உருவாக்கிக் காட்டியதில்லை. அதனால்தான் முழு உரிமத்துக்கு முன் மூத்த ஸ்டூவர்டின் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கும் முறையை நான் வலியுறுத்துவேன். முன்னாள் ஜாக்கிகள் நல்ல ஸ்டூவர்டுகள் ஆவார்களா, வெளியாட்கள் ஆவார்களா என்ற வாதமும் இன்னும் தீராத ஒன்றே. மூவர் உட்காரும் இடத்தில் இரு வகையினரும் கலந்திருப்பது நல்லது என்பது என் எண்ணம். இதை நிரூபிக்கப்பட்டது என்று சொல்ல மாட்டேன். முதல் வகை விதிக்கு மாறினால் ஜாக்கிகள் துணிந்து முரட்டுத்தனமாக ஓட்டுவார்கள் என்ற அச்சத்தையும் இதே வரிசையில் வைக்கிறேன். ஜாக்கிக்கான தடைக்காலத்தைக் கடுமையாக்கினால் அதைத் தடுக்கலாம் என்பவர்களும், பரிசு கையைவிட்டுப் போகும் என்ற பயம் ஒன்றுதான் தடுக்கும் என்பவர்களும் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உரிமம் பெற்ற பிறகு நம்பிக்கையைக் காப்பது, காரணத்தை எழுதி வெளியிடும் கடமைதான். ஹாங்காங்கிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஸ்டூவர்டுகளின் அறிக்கை பொதுவெளியில் வருகிறது. எந்தக் குதிரை தொடக்கத்தில் இடிபட்டது, எந்த ஜாக்கியிடம் விளக்கம் கேட்கப்பட்டது, அவர் என்ன சொன்னார், அதை ஏற்றார்களா என்பது வரை அதில் இருக்கும். மூடிய அறையில் எடுத்து பலகையில் வெறும் விளக்கை எரியவைத்து அறிவிக்கும் முடிவைவிட, எழுதி வைத்த காரணம் ஒருவரை நேர்மையாக வைத்திருக்கும். உரிமத்துக்குக் காலவரம்பு இருப்பதும், புதுப்பிக்கும்போது இந்த அறிக்கைகளை எடுத்துப் படிப்பதும் நடக்கிற இடத்தில், செல்வாக்கால் உள்ளே வந்தவர் நெடுநாள் நீடிப்பது கடினம். அறிக்கையே வெளியிடாத இடத்தில் உங்கள் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வியின் கடைசியில், உங்களுக்கே இதில் ஆர்வம் உண்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் விதிநூலை முதலில் எடுக்காதீர்கள். அறிக்கை வெளியிடும் ஒரு நாட்டின் பந்தயக் காட்சிகளை எடுத்து, நேரெதிர்க் கோணமும் பக்கவாட்டுக் கோணமும் உள்ளவற்றைத் தேர்ந்து, அறிக்கையைப் படிப்பதற்கு முன் உங்கள் முடிவையும் காரணத்தையும் நான்கைந்து வரிகளில் எழுதுங்கள். பிறகு அறிக்கையோடு ஒப்பிடுங்கள். முடிவு ஒத்துப்போகிறதா என்பதைவிட, அவர்கள் கவனித்த எதை நீங்கள் கவனிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐம்பது பந்தயங்களுக்குப் பிறகு விதிநூலைத் திறந்தால் ஒவ்வொரு விதிக்கும் ஒரு காட்சி மனதில் வரும். வேலைக்கு நுழையப் பேடக்கும் எடை அறையும்தான் நல்ல வழி; அங்கே சம்பளம் குறைவு, கவனிப்பாரும் இல்லை, ஆனால் ஜாக்கிகளும் பயிற்சியாளர்களும் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை வேறெங்கும் கற்க முடியாது. விண்ணப்பிக்கப் போகும் அமைப்பின் நடப்பு விதிகளில் அனுபவ ஆண்டுகள், கண் பரிசோதனைச் சான்றின் காலாவதி, குடும்பத்தார் பெயரில் உள்ள குதிரைப் பங்குகள் ஆகிய மூன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். தேர்வுக்கே போகாமல் விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் இவற்றால்தான்.